பழைய இசைத்தட்டும் நம் ஊர்த் தண்ணீரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் குறளின் பெருமையையோ சிலம்பின் சிறப்பையோ எடுத்துரைப்பது வழக்கம். அவற்றில் நம்மினும் கற்றவர்கள் இவ்வவையின் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேக் கணக்கேடுகளோடு காலம் கழிக்கும் நாம் அவர்கள் முன்னிலையில் இலக்கியம் பேசப் புகுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகவே முடியும். ஊசி என்ற சொல் வாயில் வந்துவிட்டபடியால் அதனையே பிடித்துக்கொள்கிறோம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, ஊசி ஓடும் கிராமபோன் தட்டு. பிறர் வீட்டிலிருந்து கைமாறி வந்த பழைய தட்டுகளை நம் வீட்டிலேயே நீர் விட்டுக் கழுவுவது எவ்வாறு என்பதே பொருள்.

இதுவும் ஒரு பொருளா, சோறுண்ட தட்டைக் கழுவுவது போலக் கழுவிவிட்டால் போயிற்று என்று சிலர் முறுவலிப்பது நமக்குத் தெரிகிறது. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தினால் ஒரு வீட்டின் பாட்டு ஒன்றை நம் கையாலேயே துடைத்து அழித்துவிட்டோம். அது நிகழ்ந்த விதத்தைச் சொல்லாமல் கழுவும் முறையை மட்டும் சொன்னால், கேட்பவர் கையிலும் அவ்வாறே நிகழக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

கங்காதர நெல்லூர் என்றால் வெளியூர் உறவினர்க்கு எளிதில் விளங்குவதில்லை. வெறும் நெல்லூர் என்று முகவரி எழுதிவிட்டு, பொட்டலம் வடபெண்ணை ஆற்றங்கரை நெல்லூருக்குப் போய்விட்டதே என்று நம்மிடம் வந்து முறையிட்டவர் உண்டு. இது சித்தூரை அடுத்த நெல்லூர். தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாகச் சில குடும்பங்களும், தெருவில் தமிழும் வீட்டில் தெலுங்குமாகச் சில குடும்பங்களும் ஒரே கிணற்றடியில் நீர் மொண்ட ஊர். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லை எங்கே நின்றால் என்ன, பாட்டுத் தட்டு மட்டும் டிக்கெட் இல்லாமல் இருபக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.

இவ்வூரில், ரயில்வேயில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்று மறைந்த பெரியவர் ஒருவரின் வீடு உள்ளது. அவருடைய துணைவியார் சென்ற ஆண்டு கார்த்திகை மழைக்குப் பின் நம்மை அழைத்தனுப்பினார். கூடத்தின் மூலையில் கார்டுகள் வண்டியில் ஏற்றிச் சென்ற லைன் பாக்ஸ் என்னும் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. பூட்டுத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே நாற்பத்தொரு தட்டுகள். உறைகளை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது.

"தம்பி, அவர் போனபின் இதை யாரும் திறக்கவில்லை. பழைய பேப்பர்காரன் வந்து எடைக்குக் கேட்டான். கொடுக்க மனம் வரவில்லை. நீங்களும் அவர் மாதிரி ரயில்வேக்காரர், பாட்டுப் பைத்தியம். எடுத்துக்கொண்டு போங்கள். நன்றாக வந்தால் எனக்கு ஒன்றே ஒன்று போட்டுக் காட்டுங்கள், போதும்" என்றார்.

"எது அம்மா?" என்றோம்.

அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார். 1961இல் வெளிவந்த 'பாசமலர்' படத்தின் பாட்டு. இரவுப் பணி முடித்து வந்த நாள்களில் அவர் காலைக் காப்பி அருந்திக்கொண்டே கேட்பது அது ஒன்றுதானாம்.

இங்கே இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். அந்தப் பாட்டு கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, பின் இந்தப் பாடு எதற்கு? புகழ்பெற்ற படப் பாட்டுகளைப் பொறுத்தவரை அக்கேள்வி நியாயமே. ஆனால் பழைய தட்டுகளில் பல, ஒருமுறை அச்சாகி விற்றபின் மறுபதிப்பு என்பதையே காணாதவை. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும் தட்டே அக்குரலுக்கு எஞ்சிய இருப்பிடமாக இருத்தல் கூடும். நம் பகுதிப் புங்கனூரில் பிறந்த சங்கீத கலாநிதி சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையை (1898–1975) நாம் அனைவரும் அறிவோம். அவர் பாடிய தட்டுகள் நமக்கு உள்ளன. அவருக்கு இசை கற்பித்த காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் குரலோ தட்டில் ஏறவில்லை. 1934இல் அவரோடு அதுவும் போயிற்று. மாணவரைக் கேட்டு ஆசிரியரை ஊகித்துக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. தட்டு என்பது அத்துணைப் பெறுமானம் உடையது.

பெட்டியை வீட்டிற்குக் கொண்டுவந்து வகை பிரித்தோம். ஒன்பது எல்.பி. தட்டுகள், ஆறு ஈ.பி. தட்டுகள், ஏனைய இருபத்தாறும் 78 வேகத் தட்டுகள். எல்.பி.களில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதமும் இருந்தது. 1963இல் வெளிவந்த அந்தத் தட்டின் ஆதாய உரிமைத் தொகையைத் திருப்பதி தேவஸ்தானத்து வேத பாடசாலைக்கே அவர் அளித்துவிட்டார் என்பது நம் பகுதியினர்க்குப் புதிய செய்தியன்று. திருப்பதிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதிலேயே தொடங்காமல் வேறு எதில் தொடங்குவது? அதனையே முதலில் எடுத்தோம்.

கழுவுவதற்குமுன் தட்டில் என்ன இருக்கிறது என்பதை அறிதல் நலம். ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான கோடுகள் இருப்பனபோல் தோன்றினும், உள்ளது ஒரே கோடுதான். வெளி விளிம்பில் புறப்பட்டு உள்நோக்கிச் சுருண்டு சென்று நடுவில் முடியும் ஒற்றைப் பாதை அது. இருபது நிமிடத்திற்குமேல் ஓடும் எல்.பி. பக்கத்தின் பாதையைச் சுருள் பிரித்து நீட்டினால் அரைக் கிலோமீட்டர் அளவுக்கு வரும். அகலமோ ஒரு தலைமயிரின் பருமனே. அந்தப் பள்ளத்தின் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளே பாட்டு. ஊசி அந்நெளிவுகளைத் தடவிக்கொண்டு ஓடுகிறது. நடுவே ஒரு மணல் துகள் கிடந்தால், தண்டவாளத்தில் பாறை கிடந்ததற்கு ஒப்பாகும். வண்டி ஒருமுறை குலுங்குவதோடு போவதில்லை, பாதையும் சிதைகிறது.

வினைல் தட்டுக்கு மற்றொரு குணம் உண்டு. உலர்ந்த துணியால் தேய்த்தால் அதில் மின்னேற்றம் உண்டாகித் தூசியைத் தன்பால் இழுக்கும். துடைக்கத் துடைக்கத் தூசி சேர்வது இதனால்தான். விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் பழைய பூஞ்சையும் உலர்ந்த துணிக்கு அசைவதில்லை. துணியின் அழுத்தத்தால் மணலோடு கலந்து பள்ளத்தின் அடியில் போய் அப்பிக்கொள்ளும். நீர்தான் அதனை இளக்கித் தூக்கி வெளிக்கொணரும். ஆகவே பழைய தட்டை நீரிட்டுக் கழுவுதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த நீர் என்பதில்தான் நாம் முதல் பாடம் கற்றோம்.

சுப்ரபாதத் தட்டைக் குழாயடியில் பிடித்து, ஒரு துளி சோப்பிட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்தினோம். ஈரத்தில் கண்ணாடி போல் பளபளத்தது. உலர்ந்தபின் மங்கிப்போயிற்று. போட்டுக் கேட்டால், அம்மையாரின் குரலுக்குப் பின்னால் யாரோ கடலை வறுப்பது போன்ற ஓசை. கழுவுமுன் அது அவ்வளவு இல்லை.

தாய்மார்களே! இதற்கு விடை உங்கள் அடுப்பங்கரையிலேயே இருந்தது. நம் ஊர் ஆழ்குழாய் நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெளேரென்று படிவது என்ன? வெந்நீர்க் கம்பிச் சுருளில் ஓடு கட்டுவது என்ன? அதே சுண்ணச் சத்துத்தான், தட்டு உலர்ந்தபோது நீர் போய்விட, தான் மட்டும் பள்ளத்தில் தங்கிவிட்டது. போதாக்குறைக்கு, சோப்பு உப்பு நீரோடு சேர்ந்தால் நுரைக்காமல் திரிதிரியாகத் திரிகிறதே, அந்தத் திரிவும் உடன் சேர்ந்தது. அழுக்கை நீக்கப் போய்ப் புதிதாக ஒரு பூச்சுப் பூசியிருந்தோம்.

இதனை நம்பாதவர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்துப் படுக்க வைத்து, குழாய் நீர் ஒரு சொட்டு, ஆர்.ஓ. இயந்திரத்து நீர் ஒரு சொட்டு, கடையில் விற்கும் வாலைநீர் ஒரு சொட்டு எனத் தனித்தனியே விட்டு உலர விடுக. முதற்சொட்டு இருந்த இடத்தில் வெள்ளை வட்டம் நிற்கும். இரண்டாவதில் மெல்லிய கறை இருக்கும். காய்ச்சி வடித்த வாலைநீர் இருந்த இடம் எதுவென்று தேட வேண்டியிருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் இதனைப் பார்த்தபின் தண்ணீர்க் குடத்தையே ஐயத்தோடு பார்க்கலாயினர். குடிப்பதற்கு அந்தச் சத்து குற்றமன்று, தட்டுக்குத்தான் ஆகாது.

மழைநீர் ஆகாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். கூரையிலும் மாடியிலும் விழுந்து வழிந்த நீர் ஆகாது. ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் நீரும் தூசியையும் பாசியையும் கொணரும். லிட்டர்க் கணக்கில் விற்கும் வாலைநீரை வாங்குவதே நன்று. ஒரு தட்டுக்குச் செலவாவது சிறிதளவே. அழுக்கை முதலில் இளக்குவதற்கும் வாலைநீர், கடைசியாக அலசுவதற்கும் வாலைநீர். இதில் சிக்கனம் செய்தால் பிறகு கைவிட்டுப் போவது தட்டு. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நம் முன்னோர் கண்ட நல்ல பொருள்கள்தாம். ஆயினும் தட்டுக்கு வேண்டா. அவற்றின் பொடியும் பிசுக்கும் பள்ளத்தில் நின்றுவிடும்.

சுப்ரபாதத்தை வாலைநீரில் இரண்டாம் முறை கழுவினோம். அம்முறையைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம். முதற்கண் தட்டை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்து, கீறல் எது, அழுக்கு எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கீறல் கழுவுதலால் போகாது. அதனைத் தேய்த்துத் தேய்த்து மனம் நோக வேண்டுவதில்லை. பின்னர் மென்மையான தூரிகையால் மேல் தூசியைத் தள்ளிவிட வேண்டும். நடுவிலுள்ள காகித வில்லையில் நீர் படலாகாது. பட்டால் வண்ணம் கரையும், காகிதம் சுருங்கும், பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் போய்விடும். வில்லையைவிடச் சிறிதே பெரிதான இரண்டு பிளாஸ்டிக் டப்பா மூடிகளை எடுத்து, விளிம்பில் ரப்பர் வளையம் ஒட்டி, இருபுறமும் பிடிக்குமாறு நடுவில் ஒரு திருகாணியிட்டு முடுக்கி வைத்துக்கொண்டோம். காலணாச் செலவில்லை.

ஒரு லிட்டர் வாலைநீரில், நிறமும் மணமும் அதிகமில்லாத பாத்திரம் துலக்கும் திரவம் நாலைந்து சொட்டே போதும். நுரை பொங்க வேண்டும் என்ற ஆசை கூடாது. நீர் பள்ளத்திற்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலே உருண்டு நிற்பதைத் தடுப்பதற்கே அச்சொட்டுகள். புகைப்படச் சுருள் கழுவியோர் கடைசிக் குளியலில் ஒருவகைத் திரவம் சேர்ப்பதும் இக்காரணம் பற்றியே. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தார் தங்கள் தட்டுகளைத் தூய்மை செய்யப் பரிந்துரைப்பதும் இவ்வகையானதொரு திரவத்தையும் உப்பு நீக்கிய நீரையுமே. வினைல் தட்டில் விரற்பசை மிகுந்திருந்தால், கைப்பேசி பழுது பார்ப்போர் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நான்கு பங்கு வாலைநீருக்கு ஒரு பங்கு சேர்ப்பாரும் உளர். நாமும் சேர்த்தோம். இந்த ஆல்கஹாலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வருகிறோம்.

தூரிகை கோட்டின் போக்கிலேயே வட்டமாகச் செல்ல வேண்டும்; குறுக்கே செல்லலாகாது. தண்டவாளத்தின் குறுக்கே எந்த வண்டியும் ஓடுவதில்லை. இருபுறமும் தேய்த்தபின் வேறொரு தட்டத்தில் வைத்திருக்கும் தனி வாலைநீரால் இருமுறை அலசி, நூல் உதிராத துணியால் ஒற்றி எடுத்து, உணவுத் தட்டு வைக்கும் ஸ்டாண்டில் செங்குத்தாக நிழலில் நிறுத்த வேண்டும். வெயில் கூடவே கூடாது. சித்திரை மாதத்தில் கதவடைத்த காரில் அரைநாள் கிடந்த எல்.பி. தட்டு ஊத்தப்பம் போல் நெளிந்துபோனதைக் கண்டிருக்கிறோம்.

உலர்ந்த தட்டைப் பழைய உறையிலேயே இடுதல், குளித்தவன் அழுக்கு வேட்டியை மீண்டும் உடுத்தது போலாம். உள் உறை புதிதாக வேண்டும். முதல்முறை போட்டுக் கேட்டதும் ஊசி முனையைப் பார்க்க வேண்டும். இளகி மேலே வந்த எச்சம் அதில் பஞ்சு போல் ஒட்டியிருக்கும்.

அன்று மாலை சுப்ரபாதம் ஒலித்தபோது கடலை வறுக்கும் ஓசை பெரும்பாலும் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார் எட்டிப் பார்த்து, மாலையில் சுப்ரபாதமா என்று சிரித்தார். சாமி இப்போதுதான் குளித்தார் என்றோம். ஒன்பது எல்.பி.களையும் ஆறு ஈ.பி.களையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தோம். நமக்குத் தலைகால் புரியவில்லை. காலனி முழுதும் செய்தி பரவிற்று. வெற்றி தந்த செருக்கோடு மூன்றாம் ஞாயிறன்று அந்தப் பாசமலர்த் தட்டைக் கையில் எடுத்தோம்.

அதில் பூஞ்சை கனமாகப் படர்ந்திருந்தது. எல்.பி.க்கு ஆல்கஹால் நலம் செய்ததை நினைத்து, இதற்குச் சற்று வன்மையாகவே இருக்கட்டும் என்று, மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டை நீர் கலவாமலே பஞ்சில் நனைத்துத் தேய்த்தோம். பஞ்சு கறுத்தது. இவ்வளவு அழுக்கா என்று மகிழ்ந்தோம். புதுப் பஞ்சு எடுத்தோம்; அதுவும் கறுத்தது. ஐந்தாவது பஞ்சும் கறுத்தபோது, அழுக்கு தீரவில்லையே என்று எண்ணினோமேயன்றி, இது அழுக்குத்தானா என்று எண்ணவில்லை. தட்டில் விரல் ஒட்டிற்று. உலர்ந்தபின் பளபளப்பு எங்கும் இல்லை. சாம்பல் பூத்த கரிபோல் இருந்தது. போட்டோம். மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல், அதற்குள் எங்கோ தொலைவில் ஒரு குரல். பஞ்சில் வந்தது அழுக்கன்று, பாட்டு.

மறுநாள் காலனியில் அலமாரிக்குப் பாலிஷ் போட வந்த தச்சர் அத்தட்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "சார், இது அரக்கு. ஸ்பிரிட்டில் கரையத்தானே கரையும். நான் பாலிஷ் காய்ச்சுவதே அப்படித்தான்" என்றார். அவர் அருகிலிருந்த புட்டியில், ஸ்பிரிட்டில் இரவெல்லாம் ஊறிய அரக்குச் சீவல் செந்தேன் போலக் கரைந்து நின்றது.

பணப்பைக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்துப் பழகிய கை நமது கை. அரக்கை நாள்தோறும் முகர்ந்தவர்களுக்கு அதைத் தட்டு வடிவில் கண்டபோது அடையாளம் தெரியவில்லை.

அதன் பின்னரே வரலாற்றைத் தேடிப் படித்தோம். முன்பே படித்திருக்க வேண்டும். 1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, அப்பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவருக்குச் சென்று தட்டாகித் திரும்பின. பின்னர்க் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது. 1928 முதல் டம்டம் தொழிற்சாலை பெயர் பெற்றது. அந்நாள் தட்டுகள் யாவும் அரக்கும், கல் பொடியும், கரிப்பொடியும் சேர்த்து இறுக்கியவை. புரசிலும் இலந்தையிலும் வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது அந்த அரக்கு. உலகச் சந்தைக்கு அதனைப் பெரும்பாலும் அளித்தது நம் நாடே. அமெரிக்காவில் 1948இல் வினைல் எல்.பி.யும் 1949இல் 45 வேகத் தட்டும் வந்தபின், மேல்நாடுகளில் 78 வேகத் தட்டு மெல்ல மறைந்தது. நம் நாட்டிலோ கைச்சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டிகள் பல வீடுகளில் இருந்தமையால், 1960க்குப் பின்னும் சில ஆண்டுகள் அரக்குத் தட்டு அச்சாகிக்கொண்டே இருந்தது. பீட்டில்ஸ் என்னும் ஆங்கிலப் பாடகர் குழுவின் பாட்டுகளே இந்தியாவில் 78 வேகத் தட்டாக வெளிவந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டுப் படமாயிற்றே, அதற்குள் எல்லாம் வினைலாக மாறியிருக்கும் என்று நாம் ஆண்டை வைத்துக் கணக்கிட்டதே நமது பிழை.

ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேகத்தைப் பாருங்கள். 78 என்று இருந்தால் அரக்கு என்றே கொள்ளுங்கள். கையில் எடையாக இருக்கும். விரலால் தட்டினால் ஓட்டில் தட்டியது போல் ஒலிக்கும். வளையாது, விழுந்தால் உடையும். வினைல் இலேசானது, சிறிது வளைந்து கொடுக்கும். வளைத்துப் பார்த்துச் சோதிக்கிறேன் என்று அரக்குத் தட்டை இரண்டாக்கிவிட வேண்டா. பத்து அங்குலத் தட்டில் பக்கத்திற்கு மூன்று நிமிடப் பாட்டு, அது போனால் போனதுதான்.

அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட்டு, ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் நீர், நறுமணத் தைலம் எதுவும் ஆகாது. ஆறிய வாலைநீரும் ஒரு சொட்டுத் துலக்கு திரவமுமே போதும். ஊற வைத்தலும் கூடாது. தூரிகையால் விரைந்து தேய்த்து, விரைந்து அலசி, உடனே ஒற்றிவிட வேண்டும். விளிம்பு உடைந்த தட்டுகளிலும் வெடிப்புக் கண்டவற்றிலும் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கொலம்பியா நிறுவனத்தின் பழைய தட்டுகள் சிலவற்றில் நடுவே காகிதப் படலமும் இருபுறமும் மெல்லிய அரக்கும் இருக்கும். உடைந்த விளிம்பு வழியாக நீர் புகுந்தால் உள்ளே காகிதம் உப்பிவிடும். அத்தகையவற்றை நனைந்தும் நனையாததுமான துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது மேல். பூஞ்சை பிடித்தவற்றை முதலில் வீட்டிற்கு வெளியே, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுக. கழுவியபின் ஒரு நாள் முழுதும் ஆறவிட்டே போட வேண்டும்.

ஊசியைப் பற்றியும் ஒரு சொல். எல்.பி. பள்ளத்தினும் 78 வேகத் தட்டின் பள்ளம் ஏறத்தாழ மும்மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் இறக்குவது, மீட்டர் கேஜ் வண்டியை அகலப் பாதையில் விட்டது போலாம். பாகாலா வழியாக மீட்டர் கேஜ் ஓடிய காலத்தைக் கண்ட பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அதற்குரிய ஊசியை மாட்டினால், கழுவியும் தீராததுபோல் தோன்றிய இரைச்சலில் பாதி தானே குறையும். எஃகு ஊசியால் தேய்ந்துபோன பாதையை மட்டும் எந்த நீரும் மீட்டுத் தாராது.

மற்ற இருபத்தைந்து அரக்குத் தட்டுகளையும் இம்முறையில் கழுவினோம். மூன்று, விளிம்பு வெடித்தவை, துடைத்ததோடு விட்டோம். ஏனையவை நன்றாகவே வந்தன. அவற்றுள் ஒன்று, ஏ.வி. மெய்யப்பனார் படத்துறையில் பெயர் பெறுமுன் கூட்டாளிகளோடு தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட தட்டு. அதன் வில்லையின் எழுத்துக்கூட மங்காமல் இருந்தது.

ஆனால் அம்மையார் கேட்டது அவற்றையன்று. பாசமலர்த் தட்டின் மற்றொரு பிரதியைத் தேடிச் சென்னையில் பழைய தட்டு விற்போரிடம் இரண்டு முறை சென்றோம். இரண்டாம் முறை கிடைத்தது. கழுவினோம், பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கழுவினோம், கறுப்பு ஏறவில்லை. பெட்டியையும் தட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கங்காதர நெல்லூருக்குச் சென்றோம். போகுமுன்பே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இல்லாள் சொல்லியிருந்தாள். தட்டு நல்ல முறையில் பாடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாம் இருந்துவிட்டோம்.

பாட்டு முடியுமட்டும் அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஊசியை எடுத்ததும், "ரொம்பத் தெளிவாக இருக்கிறது தம்பி. ஆனால் இது அவருடைய தட்டு இல்லையே" என்றார்.

நமக்குப் பேச்சு வரவில்லை.

"இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் டக் டக்கென்று இரண்டு தரம் தாண்டும். ஒரு தீபாவளியன்று எங்கள் பெரியவன் கீறினது. அந்த இடம் வரும்போது இவர் பெட்டியை ஒரு விரலால் தட்டுவார். அது வரும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

நடந்ததைச் சொன்னோம். பஞ்சு கறுத்ததையும், மகிழ்ந்ததையும்கூட மறைக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், பாடாவிட்டாலும் பரவாயில்லை" என்றார். அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தோம். ஏனைய நாற்பதையும் சங்கத்துக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். புதிய உறைகளில் அவை இப்போது சங்க அலுவலறையின் மர அலமாரியில் செங்குத்தாக நிற்கின்றன.

தங்கள் வீட்டிலோ, பழைய பேப்பர் கடையிலோ தட்டு அகப்பட்டவர்கள், மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று காலை பத்து மணிக்கு மேல் அலுவலறைக்குக் கொண்டுவரலாம். வாலைநீரும் தூரிகையும் சங்கத்தின் செலவு. தட்டுகளைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், பழைய தலையணை உறையில் தனித்தனியே சுற்றி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வர வேண்டுகிறோம். வழியில் எவரேனும் ஸ்பிரிட்டால் துடைத்தால் பளிச்சென்றாகும் என்று சொன்னால், முதலில் 78ஆ, 33ஆ என்று அவரையே கேட்டுவிட்டு வாருங்கள்.